குரங்குக்கும் நமக்கும் பொதுவான வைரஸ்கள்: யார் யாருக்குக் கொடுத்தது?

கேள்விக்கொடி (பதிவு 1)

புதிய நோய் ஒன்றைப் பற்றிச் செய்தி வந்ததும் அடுத்த வரியிலேயே "குரங்கிலிருந்து வந்தது" என்றோ "வௌவாலிலிருந்து வந்தது" என்றோ எழுதிவிடுகிறார்கள். வௌவாலும் எலியும் எண்ணிக்கையில் பெருங்கூட்டம், அவற்றிலிருந்து நோய் வருவது புரிகிறது. குரங்கினங்களோ மொத்தமே சுமார் 500. அந்தச் சிறிய கூட்டத்திலிருந்துதான் எச்ஐவி வந்திருக்கிறது. உறவு நெருக்கம்தான் காரணமா, வேறு ஏதாவது உண்டா? இன்னொன்று: இந்தப் போக்குவரத்து ஒருவழிதானா? நாம் அவற்றுக்கு எதையும் கொடுப்பதில்லையா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும். "காட்டை அழித்ததால் வந்த வினை" என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம்.

நுண்ணோக்கி (பதிவு 2)

உறவு நெருக்கம் உண்மையிலேயே ஒரு காரணம். வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய, அந்தச் செல்லின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். நமக்கும் சிம்பன்ஸிக்கும் அந்தப் புரதங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. போலியோ வைரஸ் மனிதர்களையும் ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளையும் தாக்கும், சாதாரண எலியைத் தாக்காது. ஹெபடைடிஸ் சி ஆய்வுக்குப் பல பத்தாண்டுகள் சிம்பன்ஸியையே நம்பியிருந்ததற்கும் இதுதான் காரணம்.

ஆனால் நுழைந்துவிட்டால் மட்டும் போதாது. செல்லுக்குள்ளேயே காவல் புரதங்கள் இருக்கின்றன, அவை இனத்துக்கு இனம் மாறுபடும். எச்ஐவியை ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினால் அங்கே அது பெருகுவதில்லை. ட்ரிம்5 ஆல்பா என்ற புரதம் வைரஸை ஆரம்பத்திலேயே முடக்கிவிடுகிறது. 2004 இல் அதைக் கண்டுபிடித்தார்கள். மனிதர்களிடமும் அதே பெயரில் ஒரு புரதம் உண்டு, எச்ஐவியிடம் மட்டும் அது பலிப்பதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது டெதரின் கதை. செல்லைவிட்டு வெளியேற முயலும் புதிய வைரஸ்களைச் செல் சவ்விலேயே கட்டிப்போடும் புரதம் அது. சிம்பன்ஸியிடம் இருக்கும் எஸ்ஐவி (எச்ஐவிக்கு மூலமான குரங்கு வைரஸ்), நெஃப் என்ற தன் புரதத்தால் அந்தக் கட்டை அவிழ்க்கும். மனித டெதரினில் நெஃப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் இல்லை. ஆகவே சிம்பன்ஸி வைரஸ் மனிதச் செல்லுக்குள் வந்தபோது அதன் பழைய ஆயுதம் செல்லுபடியாகவில்லை. உலகம் முழுக்கப் பரவிய எச்ஐவி-1 எம் பிரிவு, அதே வேலையை விபியூ என்ற வேறொரு புரதத்தின் தலையில் கட்டிவிட்டது. மனிதருக்குள் வந்தும் பரவாமல் நின்றுபோன பிரிவுகளில் இந்த மாற்றம் முழுமையாக நடக்கவில்லை.

எஸ்ஐவி சிம்பன்ஸிக்கே சொந்தமானதும் அல்ல. சிம்பன்ஸிகள் சிறு குரங்குகளை வேட்டையாடித் தின்பவை. சிவப்பு உச்சி மாங்கபே என்ற குரங்கின் வைரஸும், புள்ளி மூக்குக் குரங்கு வகையின் வைரஸும் ஏதோ ஒரு சிம்பன்ஸியின் உடலில் சந்தித்துக் கலந்து உருவானதுதான் அது. நாம் சிம்பன்ஸியைத் தின்று வாங்கினோம், அது குரங்கைத் தின்று வாங்கியது.

பூங்குழலி (பதிவு 3)

அப்படியானால் சிம்பன்ஸியும் நம்மைப் போல ஏமாந்த கட்சிதானா! ஒரு சந்தேகம். எஸ்ஐவி இருக்கும் குரங்குகளுக்கு நோயே வருவதில்லை, காலப்போக்கில் இரண்டும் சமாதானமாகிவிட்டன என்று எங்கோ படித்தேன். சிம்பன்ஸிக்கும் அப்படித்தானா?

காட்டுவழி (பதிவு 4)

இல்லை. நீண்ட காலம் அப்படித்தான் நம்பினார்கள். புகைநிற மாங்கபேக்கு அது பொருந்தும். இரத்தம் முழுக்க வைரஸ் இருந்தாலும் அது நோயுறாமல் வாழ்ந்து முடிக்கிறது. தான்சானியாவின் கோம்பே பூங்காவில் சிம்பன்ஸிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, மல மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தபோது வேறு கதை தெரிந்தது. 2009 இல் வெளியான அந்த ஆய்வின்படி, வைரஸ் இருந்தவை இறக்கும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றவற்றைவிட 10 முதல் 16 மடங்கு அதிகம். தொற்றுள்ள பெண் சிம்பன்ஸிகளின் குட்டிகளும் அதிகமாக இறந்தன. இறந்தவற்றில் சிலவற்றின் திசுக்களில் எய்ட்ஸ் நோயாளியிடம் காணும் அதே சேதம்.

நண்பர் கேள்விக்கொடியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒருவழிப் போக்குவரத்தா என்று கேட்டீர்கள். வாலில்லாக் குரங்குகளைப் பொறுத்தவரை, நாம்தான் அவற்றின் வௌவால்.

1966 இல் இதே கோம்பேயில் போலியோ போன்ற ஒரு நோய் பரவியது. சில சிம்பன்ஸிகளுக்குக் கைகால் செயலிழந்தது. அப்போது அந்த வட்டாரத்து மக்களிடையே போலியோ இருந்தது. ஐவரி கோஸ்டின் தாயி என்ற காட்டில் 1999 முதல் 2006 வரை சிம்பன்ஸிகள் மூச்சுநோயால் அலையலையாக இறந்தன. திசுக்களில் கிடைத்தவை ஆர்எஸ்வி, மெட்டாநியூமோ ஆகிய மனித வைரஸ்கள். நம் குழந்தைகளுக்குச் சளியும் மூச்சிரைப்பும் தருபவை. கொண்டுபோனது யார்? வேட்டைக்காரர்கள் அல்ல, அவற்றைக் காப்பதற்காகப் போன ஆய்வாளர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும்தான். ஆய்வாளர்கள் இருப்பதால் அந்தப் பகுதியில் திருட்டு வேட்டை குறைந்து சிம்பன்ஸிகள் பிழைத்ததும் அதே ஆய்வில் வந்த முடிவு. இந்த முரண்பாட்டை எளிதாகக் கடந்து போக முடியாது.

உகாண்டாவின் கிபாலே காட்டில், 2013 இல், 56 சிம்பன்ஸிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐந்து இறந்தன. குற்றவாளி ரைனோவைரஸ் சி. சாதாரணச் சளி வைரஸ்! ஏன் இவ்வளவு கொடூரம் என்று பார்த்தபோது விடை மரபணுவில் இருந்தது. இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கு மனிதர்களில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று வைரஸுக்கு எளிதில் இடம்கொடுக்கும், அதை உடைய குழந்தைகளுக்குக் கடுமையான ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதல். சோதித்துப் பார்த்த சிம்பன்ஸிகள் அனைத்திடமும் இருந்தது அந்த வடிவம் மட்டுமே. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகல், அவற்றுக்கு நிமோனியா. 2009 இல் ருவாண்டாவில் மலைக் கொரில்லாக் குடும்பம் ஒன்றில் மூச்சுநோய் பரவியபோது இறந்த ஒரு பெண் கொரில்லாவிடமும் ஒரு குட்டியிடமும் கிடைத்தது மனித மெட்டாநியூமோவைரஸ்தான்.

பழைய ஏடு (பதிவு 5)

எச்ஐவி வேட்டைக்கறியால் வந்தது என்பதை எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறீர்கள். ஆப்பிரிக்கர்கள் காலங்காலமாகக் குரங்குகளை வேட்டையாடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏன் வந்தது? 1950களின் இறுதியில் பெல்ஜியக் காங்கோவில் லட்சக்கணக்கானவர்களுக்கு வாய்வழிப் போலியோ மருந்து கொடுத்தார்கள். அதைத் தயாரிக்கச் சிம்பன்ஸி சிறுநீரகத்தைப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. பழியைக் கறி வெட்டியவன் மேல் போட்டுவிட்டு ஆய்வகத்தை விட்டுவிடுவது வசதியான கதை.

நுண்ணோக்கி (பதிவு 6)

ஐயா, "ஏன் இருபதாம் நூற்றாண்டில்?" என்பது நல்ல கேள்வி. போலியோ மருந்து அதற்கு விடையல்ல.

காலம் பொருந்தவில்லை. மருந்து கொடுத்தது 1957 முதல் 1960 வரை. காங்கோவின் கின்ஷாசாவில் 1959, 1960 ஆம் ஆண்டுகளில் எடுத்த இரண்டு பழைய மாதிரிகளில் எச்ஐவி கிடைத்திருக்கிறது. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபட்டிருந்தன. அவ்வளவு வேறுபாடு சேர எத்தனை ஆண்டுகள் தேவை என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் பொது மூதாதை 1908 வாக்கில் வந்து நிற்கிறது. முன்பின் பதினைந்து, இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கலாம், ஆனால் 1957க்கு வராது.

இடமும் பொருந்தவில்லை. மருந்துக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட சிம்பன்ஸிகள் காங்கோவின் கிசங்கானிப் பகுதியைச் சேர்ந்தவை. அங்குள்ள காட்டுச் சிம்பன்ஸிகளின் எஸ்ஐவியை 2004 இல் ஆராய்ந்தபோது அது வேறு கிளை என்று தெரிந்தது. எம் பிரிவுக்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்குக் கேமரூன் சிம்பன்ஸிகளிடம் இருப்பது 2006 இல் உறுதியானது. எஞ்சியிருந்த மருந்து மாதிரிகளையும் சோதித்தார்கள். சிம்பன்ஸி மரபணுப் பொருளோ எஸ்ஐவியோ அவற்றில் இல்லை.

கறி வெட்டியவனைக் குற்றவாளியாக்குவது எனக்கும் ஒவ்வாது. அவன் கையில் பட்ட கீறலைவிட அதற்குப் பின் நடந்தது முக்கியம். எச்ஐவி-1 இல் எம், என், ஓ, பி என்று நான்கு பிரிவுகள் உள்ளன. நான்கும் தனித்தனித் தாவல்கள். எம், என் இரண்டும் சிம்பன்ஸியிடமிருந்து, ஓ, பி இரண்டும் கொரில்லாவின் வைரஸோடு நெருங்கியவை. புகைநிற மாங்கபேயிலிருந்து வந்த எச்ஐவி-2 குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தாவியிருக்கிறது. இத்தனையில் உலகை வளைத்தது எம் ஒன்றுதான். பி பிரிவு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டுமே கிடைத்திருக்கிறது.

எம் பிரிவுக்குக் கிடைத்தது ஒரு நகரம். 1920 வாக்கில் அன்றைய லியோபோல்ட்வில், இன்றைய கின்ஷாசா, வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் கூலிக்கு வந்து குவிந்தார்கள், குடும்பங்கள் ஊரில் இருந்தன. பாலியல் தொழில் பெருகியது. 1940களின் இறுதியில் அந்த நாட்டு ரயில்களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். காலனி அரசின் நோய் ஒழிப்பு இயக்கங்களில் சரியாகத் தூய்மை செய்யாத ஊசிகள் பலருக்கும் மாறி மாறிப் போடப்பட்டன என்பதையும் சில ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆக, தாவல் முன்பும் நடந்திருக்கும், அந்தக் கிராமத்தோடு அணைந்தும் போயிருக்கும்.

பழைய ஏடு (பதிவு 7)

போலியோ தடுப்பூசியில் கலந்திருந்த எஸ்வி40 என்ற குரங்கு வைரஸை மட்டும் பேசாமல் விட்டுவிட்டீர்கள். அதுவும் கற்பனையா?

நுண்ணோக்கி (பதிவு 8)

அது முழுக்க உண்மை. போலியோ தடுப்பூசி தயாரிக்க ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களைப் பயன்படுத்தினார்கள். அந்தச் செல்களில் யாருக்கும் தெரியாத ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. 1960 இல் கண்டுபிடித்தார்கள். போலியோவைச் செயலிழக்கச் செய்த ஃபார்மலின் இதை முழுதாகக் கொல்லவில்லை. 1955க்கும் 1963க்கும் இடையில் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி முதல் மூன்று கோடிப் பேர் உயிருள்ள எஸ்வி40ஐப் பெற்றிருக்கலாம் என்பது மதிப்பீடு. வெள்ளெலிகளில் அது புற்றுநோயை உண்டாக்கும். மனிதர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் தடுப்பூசி பெற்றவர்களிடம் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் 2002 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு, காரணம் என்றோ காரணமே இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல இருக்கும் சான்றுகள் போதாது என்றே எழுதியது. இதைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்களும் தடுப்பூசித் துறைக்குள் இருந்தவர்கள்தான்.

பழைய ஏடு (பதிவு 9)

கண்டுபிடித்த பிறகும் கையிருப்பை உடனே திரும்பப் பெறவில்லையே? 1961 இல் புதிய மருந்துக்கு விதி போட்டார்கள், பழையது 1963 வரை புழங்கியது. என் சந்தேகத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. போலியோ மருந்துக் கதையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், இதை விடமாட்டேன்.

பூங்குழலி (பதிவு 10)

அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு ஐயா. ஆனால் இழை தடுப்பூசிச் சண்டையாக மாறிவிடும் முன் வேறு ஒன்று கேட்கிறேன். தாவிவந்தும் எந்தத் தீங்கும் செய்யாத வைரஸ் ஏதாவது இருக்கிறதா?

காட்டுவழி (பதிவு 11)

இருக்கிறது. குரங்கு ஃபோமி வைரஸ். ஏறக்குறைய எல்லாக் குரங்கினங்களிடமும் அவற்றுக்கே உரிய ஒரு ஃபோமி வைரஸ் உண்டு. மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் குரங்குகளோடு சேர்ந்தே கிளை பிரிந்து வந்திருக்கிறது. எச்சிலில் இருக்கும், கடியால் பரவும். 2004 இல் கேமரூனில் வேட்டை, இறைச்சி மூலம் குரங்குகளோடு தொடர்புடைய சுமார் 1,100 பேரைச் சோதித்தபோது 10 பேரிடம் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. உயிரியல் பூங்காக்களிலும் ஆய்வகங்களிலும் வேலை செய்வோரிடமும் கிடைத்திருக்கிறது. ஒருமுறை நுழைந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆனால் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாக இதுவரை பதிவில்லை, திட்டவட்டமான நோய் எதையும் அதன் மேல் சுமத்தவும் முடியவில்லை. கதவு திறந்திருந்ததால் உள்ளே வந்த விருந்தாளி, திண்ணையிலேயே படுத்துக்கொண்டதைப் போல.

இதையே ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வழியாக ஃபோமி வருகிறதோ அதே வழியாகத்தான் எஸ்ஐவியும் வந்தது.

நிழல்மரம் (பதிவு 12)

உங்கள் விவாதத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். நடைமுறையாக ஒன்று: குரங்கு கடித்தாலோ கீறினாலோ என்ன செய்ய வேண்டும்? ஹெர்பிஸ் பி என்று ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

நுண்ணோக்கி (பதிவு 13)

முதலில் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ஐந்து நிமிடத்தில் சலித்து நிறுத்திவிடக் கூடாது. பிறகு அன்றே மருத்துவர். ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பது முதல் கேள்வி, ஹெர்பிஸ் பி இரண்டாவது, டெட்டனஸ் மூன்றாவது.

ஹெர்பிஸ் பி, ரீசஸ் போன்ற மக்காக் வகைக் குரங்குகளின் வைரஸ். நம் உதட்டில் கொப்புளம் தரும் வைரஸுக்கு நெருங்கிய உறவு. வளர்ந்த மக்காக்குகளில் பெரும்பாலானவற்றிடம் இருக்கும், அவற்றுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். சிகிச்சை இல்லையென்றால் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுவார்கள். 1932 இல் போலியோ ஆய்வில் இருந்த ஓர் இளம் மருத்துவர் குரங்கு கடித்து இறந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. 1997 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு மையப் பணியாளர், கடியோ கீறலோ இல்லாமல், கண்ணில் ஏதோ தெறித்து இறந்தார். அதன் பிறகுதான் கண் கவசம் கட்டாயமானது.

அளவைப் பார்த்தால் இத்தனை ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பதிவானது ஏறத்தாழ 50 பேர்தான். பெரும்பாலோர் ஆய்வகங்களிலும் விலங்குக் கூடங்களிலும் வேலை செய்தவர்கள். குரங்குகளோடு அன்றாடம் உரசி வாழும் கோடிக்கணக்கானோரில் இது மிக அரிது, இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 இல் ஹாங்காங்கில் காட்டுக் குரங்குகளால் காயப்பட்ட ஒருவருக்கு வந்தது. சந்தேகம் இருந்தால் மருத்துவர் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவார். அது பயன் தருவது ஆரம்பத்தில்தான்.

எதிர்த்திசையையும் பாருங்கள். நம் உதட்டுக் கொப்புள வைரஸ் தென்னமெரிக்க மார்மோசெட் குரங்குகளுக்கு எமன். வளர்ப்பவர் கொஞ்சி முத்தமிட்டால் சில நாட்களில் செத்துவிடும்.

நிழல்மரம் (பதிவு 14)

நன்றி. கேட்கவே தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இவ்வளவு ஆபத்து என்றால், மனிதர் வாழும் இடங்களை ஒட்டிய குரங்குகளை அப்புறப்படுத்திவிடுவதுதானே பாதுகாப்பு?

காட்டுவழி (பதிவு 15)

பிரேசிலில் அதைச் செய்து பார்த்தார்கள். 2016 முதல் 2018 வரை அங்கே மஞ்சள் காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது, குரங்குதான் பரப்புகிறது என்று பயந்து பலர் அடித்தும் நஞ்சு வைத்தும் கொன்றார்கள். பரப்புவது கொசு. அந்த வைரஸே அடிமை வணிகக் கப்பல்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து தென்னமெரிக்காவுக்குப் போனது. ஆப்பிரிக்கக் குரங்குகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்கின்றன, தென்னமெரிக்க ஊளைக் குரங்குகள் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. மனிதர்களுக்கு நோய் தொடங்கும் முன்பே காட்டில் ஊளைக் குரங்குகளின் பிணங்கள் விழும். சுகாதாரத் துறை அந்தப் பிணங்களைப் பார்த்துத்தான் எங்கே தடுப்பூசி போட வேண்டும் என்று முடிவு செய்கிறது. குரங்கைக் கொன்றவர்கள் தங்கள் எச்சரிக்கை மணியைத்தான் கழற்றி எறிந்தார்கள்.

கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுநோயும் இப்படித்தான். 1957 இல் குரங்குகள் இறந்து கிடந்ததை ஒட்டித்தான் நோய் தெரியவந்தது. அதைப் பரப்புவது உண்ணி. குரங்கு செத்து விழுந்தால் அதன் உடலிலிருந்து உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுற்றிப் பரவும். அதனால் செத்த குரங்கை யாரும் தொடக்கூடாது, உடனே தகவல் சொல்ல வேண்டும்.

எபோலாவிலும் இதே கதைதான். காங்கோ குடியரசின் லோசி பகுதியில் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் சுமார் 5,000 கொரில்லாக்கள் எபோலாவால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். 1996 இல் காபோனின் மயிபூ கிராமத்தில் மனிதருக்கு வந்தது, காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்ஸி ஒன்றை எடுத்துவந்து அறுத்ததால். அந்தச் சிம்பன்ஸி எபோலாவை உற்பத்தி செய்யவில்லை, நமக்கு முன்னால் அதற்குப் பலியானது, அவ்வளவுதான்.

கேள்விக்கொடி (பதிவு 16)

தொடங்கியபோது இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எல்லாமே சமீபத்தியத் தாவல்கள்தானா? மிகப் பழையவை?

நுண்ணோக்கி (பதிவு 17)

இரண்டு மட்டும் சொல்கிறேன். நம்மிடம் இரண்டு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்கள் இருக்கின்றன. முதலாவது, நாமும் சிம்பன்ஸியும் பிரிந்த காலத்திலிருந்தே, சுமார் 60 லட்சம் ஆண்டுகளாக, நம்மோடு வருகிறது. இரண்டாவது அப்படியல்ல. சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிம்பன்ஸியின் மூதாதைகளிடமிருந்து நம் மூதாதைகளுக்குத் தாவியது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. அப்போது நாம் இன்றைய மனிதராகவே ஆகவில்லை.

அடுத்தது நம் டிஎன்ஏவுக்குள்ளேயே இருப்பது. மனித மரபணுத் தொகுதியில் சுமார் 8 விழுக்காடு பழைய ரெட்ரோவைரஸ்களின் (செல்லின் டிஎன்ஏவுக்குள் தம்மைச் செருகிக்கொள்ளும் வைரஸ்களின்) எச்சம். அவற்றில் பெரும்பாலானவை சிம்பன்ஸியிடமும் அதே குரோமோசோமில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பொது மூதாதைக்கு வந்த தொற்று, இருவருக்கும் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. சிம்பன்ஸி, கொரில்லா இரண்டிடமும் இருந்து நம்மிடம் இல்லாத ஒரு வைரஸ் குடும்பமும் உண்டு. நாம் எப்படித் தப்பினோம் என்று இன்னும் வாதிடுகிறார்கள்.

பூங்குழலி (பதிவு 18)

சிம்பன்ஸி வைரஸை நாமே விரும்பி உடம்பில் ஏற்றிக்கொண்ட கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் கோவிட் தடுப்பூசியின் வாகனம், பெருகாதபடி மாற்றிய சிம்பன்ஸி அடினோவைரஸ். மனித அடினோவைரஸாக இருந்தால் பலரிடம் முன்பே எதிர்ப்பொருள் இருக்கும், வாகனத்தை வழியிலேயே மடக்கிவிடும். அதனால்தான் அண்டை வீட்டு வைரஸ். பழைய ஏடு ஐயா, என்னைத் திட்டாதீர்கள்.

பழைய ஏடு (பதிவு 19)

திட்டவில்லை அம்மா. இதில் வைரஸ் எது என்று பெயர் சொல்லித்தான் போட்டார்கள். என் புகார் சொல்லாமல் போட்டதைப் பற்றியது.

ஒரு கேள்வி காட்டுவழிக்கு. நம்மால் அவை சாகின்றன என்றால் காட்டுச் சிம்பன்ஸிக்கும் கொரில்லாவுக்கும் தடுப்பூசி போடலாமே?

காட்டுவழி (பதிவு 20)

போட்டிருக்கிறார்கள். 1988 இல் ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களிடையே தட்டம்மை என்று சந்தேகிக்கப்பட்ட நோய் வந்தபோது, ஊசியை அம்பாக எய்து தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். 2021 ஜனவரியில் சான் டியேகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கோவிட் வந்தது. அதன் பிறகு விலங்குகளுக்கென்று தயாரித்த தடுப்பூசியைப் பல பூங்காக்களில் பயன்படுத்தினார்கள்.

காட்டில் ஆயிரக்கணக்கானவற்றுக்கு அம்பு எய்ய முடியாது. அதனால் இரையில் கலந்து தின்னக் கொடுக்கும் எபோலாத் தடுப்பூசி ஒன்றைச் சில ஆய்வாளர்கள் உருவாக்கி, அமெரிக்காவில் கூண்டுச் சிம்பன்ஸிகளிடம் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் நன்றாகவே உருவானது. ஆனால் 2015 இல் அமெரிக்கா கூண்டுச் சிம்பன்ஸிகளையும் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது, அவற்றின் மீதான மருத்துவச் சோதனைகள் நின்றுபோயின. இந்தச் சோதனையையும் தொடர முடியவில்லை. சோதனைக் கூண்டுகள் மூடப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். காட்டில் இருப்பவற்றுக்கான மருந்தை எங்கே சோதிப்பது என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

இப்போதைக்கு இருப்பது மலிவான வழி. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வழிகாட்டுதலில் முன்பு 7 மீட்டர் இடைவெளி இருந்தது, கோவிட் காலத்தில் அது 10 மீட்டர் ஆனது. முகக்கவசம் கட்டாயம், சளி இருந்தால் காட்டுக்குள் அனுமதி இல்லை. சுற்றுலாப் பயணிகள் பதிவேற்றும் கொரில்லாப் படங்களைப் பார்த்தால் பலர் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட படத்துக்கு யாரும் விருப்பக்குறி போட வேண்டாம்.

நிழல்மரம் (பதிவு 21)

7 மீட்டர் என்றாலும் 10 மீட்டர் என்றாலும் கொரில்லாவுக்கு அது தெரியாதே. அதுவே நெருங்கி வந்தால்?

காட்டுவழி (பதிவு 22)

பின்வாங்க வேண்டியது நாம்தான். ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெதுவாக.